பரு பார்த்துக் கரணை வைப்பது

கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பு நடவு நடக்கிற காட்டில் வரப்போரம் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கரணை, அதாவது நடுவதற்கு வெட்டிய கரும்புத் துண்டு, வைக்கிறவர் குனிந்தபடியே சாலில் நகர்ந்துகொண்டிருப்பார். கூடையிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு கரணையையும் மண்ணில் அழுத்துவதற்கு முன்னால் கைக்குள் ஒரு திருப்பு திருப்புவார். கண் பார்க்கும் முன்பே, முளைக்கிற மொட்டான பருவை விரல் தொட்டுக் கண்டுபிடித்திருக்கும். ஏன் இப்படி என்று கேட்டேன்.

“பரு ரெண்டும் பக்கவாட்டுல இருக்கோணுமுங்க. மேலயும் கீழயுமா வெச்சா கீழ்ப்பரு மண்ணுக்குள்ள முட்டிக்கிட்டுக் கெடக்கும். வெளிய வர நாளாகும்.”

சரியான பதில்தான். ஆனால் இந்த வேலை கரும்பில் நடப்பதற்குக் காரணம், அதன் சோகைகள், அதாவது இலைகள், தண்டின் இரண்டே பக்கத்தில், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி வருவது. ஒவ்வொரு சோகையின் கக்கத்திலும் ஒரு பரு. அதனால் பருக்களும் இரண்டே வரிசை. இரண்டையும் பக்கவாட்டில் படுக்க வைத்துவிடலாம். தென்னை மாதிரியோ தக்காளி மாதிரியோ இலைகள் சுற்றிச் சுற்றி ஏறியிருந்தால், எப்படித் திருப்பினாலும் ஏதாவது ஒரு பரு கோணலாகத்தான் கிடக்கும்.

இன்னொரு கேள்வியும் அந்தக் கூடையிலேயே இருக்கிறது. கரும்பை எதற்குத் துண்டு போட வேண்டும்? முழுக்கரும்பை அப்படியே சாலில் படுக்க வைத்து மண் தள்ளினால் வேலை மிச்சமாகுமே. அப்படிச் செய்தால் நுனியை ஒட்டிய பருக்கள் முளைக்கும். அடிப்பக்கத்துப் பருக்கள் பெரும்பாலும் தூங்கும். இரண்டு பருவுக்கு ஒரு துண்டு என்று வெட்டிவிட்டால் தூங்கியதும் எழுந்துகொள்ளும்.

இலை எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதும், எந்தப் பரு தூங்க வேண்டும் என்பதும் கேட்டால் இரண்டு தனித்தனி விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் இரண்டுக்கும் பின்னால் முதலில் நிற்பது ஒரே பொருள்: ஆக்சின் என்கிற வளர்ச்சி ஊக்கி. இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன். காரணம், நம் ஊர் மருந்துக் கடைகளில் வளர்ச்சி ஊக்கி என்று விற்கும் பாட்டில்களை உரம் மாதிரி, ஊற்றினால் வளரும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். ஊக்கி என்பது தீனி கிடையாது. செடிக்குள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிற சேதி. எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்பதில்தான் அதன் வேலை இருக்கிறது.

வேலியோரம் ஒரு சுற்று

இலை வரிசையைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். தோட்டத்து வேலியை ஒருமுறை சுற்றி வந்தால் போதும். சோளம், மக்காச்சோளம், மஞ்சள் எல்லாம் கரும்பு மாதிரி இரண்டு வரிசைக்காரர்கள். எருக்கஞ்செடியை மேலிருந்து நேராகக் குனிந்து பாருங்கள்: ஒரு ஜோடி இலை கிழக்கு மேற்காக நின்றால் அடுத்த ஜோடி தெற்கு வடக்காக நிற்கும். மேலிருந்து பார்க்கக் கூட்டல் குறி. துளசியும் கொய்யாவும் ஆடாதொடையும் இதே கட்சி. அரளியில் ஒரு கணுவில் மூன்று இலை. செம்பருத்தியிலும் தக்காளியிலும் ஒரு கணுவுக்கு ஒன்றாக, மாடிப்படி மாதிரி சுற்றி ஏறும்.

ஓர் எருக்கஞ்செடியில் இன்றைக்குக் கூட்டல் குறி, நாளைக்கு மாடிப்படி என்று மாறுவதில்லை. அப்படியானால் இலையின் இடம் இலை விரிந்த பிறகு தீர்மானமாவது இல்லை. அதற்கு வெகு முன்னாலேயே குருத்துக்குள் முடிந்துபோன காரியம்.

ஒரு தக்காளி நாற்றின் நுனியில் இளம் இலைகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு சின்ன மேடு மிஞ்சும். ஒரு கடுகில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். உருப்பெருக்கி இல்லாமல் தெரியாது. அந்தச் செடியின் தண்டு, இலை, பூ, காய் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. மேட்டின் ஓரத்தில் ஒரு புடைப்பு எழும்பும். அது இலை. கொஞ்ச நேரம் கழித்து வேறோர் இடத்தில் அடுத்த புடைப்பு. எந்த இடத்தில்? ஜெர்மனியின் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் 1868-லேயே ஒரு விதி சொன்னார்: ஏற்கெனவே எழுந்த புடைப்புகளுக்கு நடுவில் எங்கே இடம் அதிகமாகக் கிடக்கிறதோ அங்கேதான் அடுத்தது வரும். 1931-இல் இங்கிலாந்தின் மேரி ஸ்னோ, ராபர்ட் ஸ்னோ தம்பதி, லூபின் என்கிற அவரைக் குடும்பத்துச் செடியின் குருத்தைக் கத்தியால் கீறிப் பார்த்தார்கள். இளம் இலை ஒன்றைக் கீறிப் பிரித்துவிட்டால் அடுத்த இலைகள் வழக்கமான இடத்தைவிட்டு நகர்ந்து வந்தன. ஆக, மூத்த இலைகள் தம்பி இலைக்கு இடம் சொல்கின்றன என்பது உறுதியானது. எப்படிச் சொல்கின்றன என்பதற்கு மட்டும் இன்னொரு எழுபது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்கான சோதனை தக்காளியில் நடந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் டிடியர் ரைன்ஹார்ட்டும் கிரிஸ் குலெமயரும் தக்காளிக் குருத்துகளை வெட்டி எடுத்து, ஆக்சின் ஓட்டத்தைத் தடுக்கிற மருந்து கலந்த ஊட்டத்தில் வளர்த்தார்கள். தண்டு நீண்டது, இலையே வரவில்லை. மொட்டையாக ஒரு குச்சி. அப்புறம் கம்பளிக் கொழுப்பில் ஆக்சினைக் குழைத்து, நுண்ணிய பொட்டாக அந்த மேட்டின் ஓரத்தில் வைத்தார்கள். வைத்த இடத்தில் இலை முளைத்தது. இது வெளியான வருஷம் 2000. இலை வருவதற்கு ஆக்சின் ஓரிடத்தில் குவிய வேண்டும், குவிந்தால் அங்கே இலை என்பதை இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது.

சரி, எங்கே குவியும் என்று யார் தீர்மானிப்பது? இதற்கு நம் ஊரில் உதாரணம் தேட வேண்டியதே இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஆயிரம் அடிக்கு போர் போட்டுவிட்டால் நம் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடும். புதுசாகப் போர் போடுகிறவர், ஏற்கெனவே ஓடுகிற போர்களிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போய்த்தான் புள்ளி வைப்பார். குருத்து மேட்டிலும் இதே கதைதான். எழும்புகிற ஒவ்வோர் இலைப் புடைப்பும் ஒரு போர். சுற்றுவட்டாரத்து ஆக்சினை எல்லாம் தன் பக்கம் இழுத்து, தன் நடுவழியாகத் தண்டுக்குள் இறக்கிவிடும். அதைச் சுற்றி வறட்சி. அந்த வறட்சி எட்டாத இடத்தில்தான் அடுத்த குவியல் சேரும். அங்கே அடுத்த இலை.

போர் உதாரணம் ஓர் இடத்தில் மட்டும் இடறும். நிலத்தடி நீர் தானாகப் பள்ளம் பார்த்து ஓடும். ஆக்சின் அப்படி ஓடாது. ஒவ்வொரு செல்லின் சவ்விலும் ஆக்சினை வெளியே தள்ளுகிற சின்னச் சின்ன வாயில்கள் உண்டு. “பின்” (PIN) புரதங்கள் என்று பெயர். வாயில் செல்லின் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் ஓட்டம். குருத்துத் தோலில் இருக்கிற வாயில்கள், ஆக்சின் எந்தப் பக்கத்துச் செல்லில் கூடுதலோ அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொள்கின்றன. இருக்கிற இடத்துக்கே மேலும் போய்ச் சேரும். உள்ளவனிடமே பணம் சேர்வது போலத்தான். இந்த வாயில் பழுதான ஒரு செடியை ஜப்பானில் ஒகாடா குழுவினர் 1991-இல் விவரித்தார்கள். பூக்க வேண்டிய தண்டு, பூ எதுவும் இல்லாமல் பின்னல் ஊசி மாதிரி மழமழவென்று நின்றது. பின் என்ற பெயர் அந்த ஊசியிலிருந்து வந்ததுதான்.

தென்னையில் ஐந்து, பனையில் மூன்று

ஒவ்வொரு இலையும் முந்திய எல்லா இலைகளிடமிருந்தும் தள்ளி நிற்கப் பார்த்தால் கடைசியில் என்ன ஒழுங்கு வரும்? பிரான்சில் டூவாடி, கூடேர் என்ற இரண்டு இயற்பியல்காரர்கள் 1992-இல் செடியே இல்லாமல் இதைச் செய்து காட்டினார்கள். காந்தத் திரவச் சொட்டுகளை ஒவ்வொன்றாக ஒரு தட்டின் நடுவில் விட்டார்கள். சொட்டுகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளின. போதுமான வேகத்தில் சொட்டுவிட்டபோது அடுத்தடுத்த சொட்டுகளுக்கு நடுவில் கோணம் 137.5 டிகிரியை நெருங்கியது. செம்பருத்தியும் சூரியகாந்தியும் காட்டுகிற அதே கோணம். தாவரத்துக்குக் கணக்கு தெரியும் என்று சிலாகிக்க ஒன்றுமில்லை. விலகி நில் என்ற ஒரே ஒரு விதி இருந்தால் போதும், கணக்கு தானாக வந்து விழுகிறது.

அந்தக் கோணத்தில் இலை ஏறினால் 1, 2, 3, 5, 8, 13 என்று, முந்திய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வருகிற வரிசை எண்கள் தண்டில் சாய்கோடுகளாகத் தெரியும். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்த டி. ஆண்டனி டேவிஸ் பனை வகை மரங்களைத் தேடித் தேடி எண்ணியவர். பனையில் மூன்று சாய்கோடு, தென்னையில் ஐந்து, ஈச்சமரத்தில் எட்டு என்று 1971-இல் எழுதினார். பொள்ளாச்சிப் பக்கம் போகிறவர்கள் ஒரு இளந்தென்னையின் அடியில் நின்று பார்க்கலாம். ஒரு மட்டையை ஒன்று என்று வைத்து வயது வரிசைப்படி கீழே எண்ணிக்கொண்டு வந்தால், ஆறாவது மட்டை ஏறத்தாழ அதற்குக் கீழே, கொஞ்சம் விலகி வரும். ஒன்று, ஆறு, பதினொன்று, பதினாறு என்று கோடு இழுத்தால் ஒரு சாய்கோடு. அப்படி ஐந்து. தென்னைக்குச் சத்துக்குறை பார்க்க இலை மாதிரி எடுக்கிறவர்கள் 14-வது மட்டையில் எடுப்பார்கள். அது ஒன்றாவது மட்டையிலிருந்து 13 படி கீழே. பதிமூன்றும் நம் வரிசை எண் என்பதால், அந்த மட்டை முதல் மட்டைக்கு அநேகமாக நேர் கீழேயே வந்து நிற்கும்.

சில மரம் இடப்பக்கமாகச் சுற்றும், சில மரம் வலப்பக்கமாக. டேவிஸ் இதையும் துருவினார். இடம் வலம் தாய் மரத்திலிருந்து பிள்ளைக்கு வருவதில்லை என்பது தெரிந்தது. ஒரே தாயின் காய்களிலிருந்து இரண்டு விதமும் வரும். முதல் சில இலைகள் எந்தப் பக்கம் விழுந்தனவோ அந்தப் பக்கமே ஆயுசு முழுக்க.

கரும்பும் மக்காச்சோளமும் ஏன் இரண்டு வரிசையோடு நின்றுவிடுகின்றன? மேட்டின் அளவுக்கும் ஒவ்வோர் இலையும் உண்டாக்குகிற வறட்சியின் அகலத்துக்கும் உள்ள விகிதம்தான் விஷயம். புல் குடும்பத்தில் இளம் இலையின் அடி மேட்டைச் சுற்றி வளைத்துக்கொள்கிறது. அடுத்ததற்கு மிஞ்சுவது நேர் எதிர்ப் பக்கம் மட்டும். மேடு பெரிதானால்? மக்காச்சோளத்தில் அப்படி ஒரு திரிபு உண்டு. ஒரு கணுவில் எதிரெதிராக ஜோடி இலை, எருக்கு மாதிரி. பழுதான மரபணு எது என்று 2004-இல் கண்டுபிடித்தபோது, அது சைட்டோகைனின் என்கிற இன்னோர் ஊக்கியின் சேதியை அடக்கிவைக்கிற மரபணு என்று தெரிந்தது. சைட்டோகைனின் மேட்டைப் பெருக்குகிற பக்கம். ஆக்சின் மேட்டிலிருந்து இலையை எழுப்புகிற பக்கம். இரண்டுக்கும் நடுவில் நடக்கிற இழுபறியில்தான் இலை வரிசை நிற்கிறது.

அப்பாரு சொன்ன காரணம்

இனி தூங்குகிற பருவுக்கு வருவோம்.

மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கத்து முருங்கைக்காரர்களுக்கு இது பாலபாடம். விதை போட்டு இரண்டு மாசம், செடி முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளாவிட்டால் கொடிக்கம்பம் மாதிரி ஒற்றையாக மேலே போய், காய் எட்டாத உயரத்தில் தொங்கும். கிள்ளிய சில நாளில் கீழே நாலைந்து கக்கங்களில் கிளை வெடிக்கும். வால்பாறைத் தேயிலை இன்னொரு சாட்சி. கவாத்து வெட்டாமல் விட்டால் தேயிலை ஒரு மரம். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகத் திரும்பத் திரும்பப் பறிப்பதால்தான் இடுப்பளவில் தட்டையாக, நூற்றுக்கணக்கான கொழுந்தோடு நிற்கிறது. கரும்பில் ஒரு பரு நாற்று நடுகிறவர்கள், நட்டு ஒரு மாசத்தில் தாய்க் குருத்தையே தரையோரம் வெட்டி விடுகிறார்கள். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும். அடியிலிருந்து பல குருத்து எழுந்து தூர் கட்டுவதைப் பார்த்த பிறகு சரியாகிவிடும்.

எங்கள் அப்பாரு (தாத்தா) முருங்கை கிள்ளும்போது சொல்வார்: “தலைக்கொழுந்து இருக்கறவரைக்கும் பக்கக்கொழுந்துக்குச் சோறு இல்ல கண்ணு. எல்லாத்தையும் அதே இழுத்துக்கும்.” கல்லூரியில் தாவரவியல் படிக்கிற மப்பில் நான் அதைத் திருத்தியிருக்கிறேன். சோறு இல்லீங்க அப்பாரு, ஆக்சின் என்று.

என் கையில் இருந்த பாடம் இது. டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880-இல் புல் முளையின் நுனிதான் வெளிச்சத்தை உணர்கிறது, வளைவது அதற்குக் கீழே என்று காட்டினார்கள். நுனியிலிருந்து ஏதோ ஒன்று இறங்கி வருகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. 1926-இல் ஹாலந்தின் உட்ரெக்ட் நகரில் ஃபிரிட்ஸ் வென்ட், ஓட்ஸ் முளையின் நுனிகளை வெட்டி அகர் என்கிற கூழ்க் கட்டியின் மேல் உட்கார வைத்து, அந்த ஏதோ ஒன்றைக் கட்டிக்குள் பிடித்தார். அந்தக் கட்டியை நுனி வெட்டிய முளையின் ஓர் ஓரத்தில் வைத்தால் முளை வளைந்தது. 1930-களில் அதன் வேதிப்பெயரும் தெரிந்தது: இண்டோல் அசிட்டிக் அமிலம். 1933-இல் கென்னத் திமனும் ஃபோக் ஸ்கூகும் ஓர் அவரைச் செடியின் நுனியை வெட்டிவிட்டு, வெட்டுவாயில் ஆக்சின் கட்டியை வைத்தார்கள். பக்கப் பருக்கள் எழவே இல்லை. தலை போனாலும் தலையின் சேதி வந்துகொண்டிருந்ததால் அவை தூங்கின. நுனி ஆதிக்கம் என்று பாடப்புத்தகத்தில் அச்சாகிவிட்டது.

ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. நுனியிலிருந்து இறங்குகிற ஆக்சின் பக்கப் பருவுக்குள் நுழைவதே இல்லை. அதன் வாசல் வழியாகத் தண்டோடு கீழே போய்விடுகிறது. பருவின் மேல் நேராக ஆக்சினைத் தடவினாலும் அது தூங்கிவிடுவதில்லை. வாசலில் போகிறவன் எப்படி வீட்டுக்குள் இருப்பவனை அடக்குகிறான்?

பதில் இரண்டு தரகர்கள் வழியாக வந்தது. ஒருவர் சைட்டோகைனின். அதே ஸ்கூகும் கார்லோஸ் மில்லரும் 1955-இல் இந்த வகையில் முதல் பொருளைப் பிரித்தார்கள், அதுவும் ஹெர்ரிங் மீனின் விந்தணு டிஎன்ஏவிலிருந்து. இது பருவை எழுப்புகிற பக்கம். தண்டில் ஆக்சின் ஓடுகிறவரை இதன் உற்பத்தி அடங்கியிருக்கும். திசு வளர்ப்பு வாழைக் கன்று வாங்குகிறோமே, ஒரு சின்னக் குருத்திலிருந்து பாட்டிலுக்குள் கொத்துக் கொத்தாகக் கன்றுகள் வருவது சைட்டோகைனின் கூடுதலாகக் கலந்த ஊட்டத்தில்தான்.

இன்னொரு தரகர் வந்த வழி விசித்திரமானது. சோளக்காட்டில் சுடுமல்லி என்று ஒரு களை வரும். பார்க்கச் சின்னச் செடி. வேரோ சோளத்தின் வேரைப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். கரும்பையும் விடாது. அதன் விதை தூசு மாதிரி இருக்கும். பக்கத்தில் ஏற்ற வேர் வருகிறவரை வருஷக்கணக்கில் மண்ணில் கிடக்கும். வேர் வந்துவிட்டது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? வேர் கசியவிடுகிற ஒரு பொருளின் வாசனையில். 1966-இல் அந்த வகைப் பொருள் முதன்முதலில் பிரிக்கப்பட்டது பருத்தி வேரிலிருந்து. சுடுமல்லியின் அறிவியல் பெயரை ஒட்டி ஸ்ட்ரிகோல் என்று பெயர் வைத்தார்கள். எதிரிக்கு முகவரி சொல்கிற பொருளை ஒரு செடி எதற்குக் கசியவிடுகிறது என்பது நாற்பது வருஷப் புதிர். 2005-இல் ஜப்பானியர்கள் ஒரு பாதியை அவிழ்த்தார்கள்: வேம் என்று மூட்டையில் விற்கிறோமே, அந்த வேர்ப்பூஞ்சையை விருந்துக்கு அழைக்கிற சேதி அது. சுடுமல்லி ஒட்டுக் கேட்கிறது. 2008-இல் பிரான்சிலும் ஜப்பானிலும் இரண்டு குழுக்கள் மறுபாதியை அவிழ்த்தன: இதே ஸ்ட்ரிகோலாக்டோன் குடும்பம்தான் தண்டில் மேலேறிப் பக்கப் பருக்களைத் தூங்க வைக்கிறது. ஆக்சின் ஓடினால் இது கூடும், சைட்டோகைனின் குறையும். வாசலில் போகிறவன் வீட்டுக்குள் ஆள் அனுப்புகிற வழி இதுதான்.

மக்காச்சோளம் இந்த விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே. அதன் காட்டு மூதாதை தியோசிந்தே புதர் மாதிரி கிளைக்கிற புல். மெக்சிகோக்காரர்கள் அதைப் பல தலைமுறை பொறுக்கிப் பொறுக்கி விதைத்ததில், பருவைத் தூங்கச் சொல்கிற ஒரு மரபணு ஏறக்குறைய இரண்டு மடங்கு உரக்கப் பேசுகிற ரகம் தங்கிவிட்டது. நாமக்கல் கோழிகளுக்குப் போகிற கதிர் ஒற்றைத் தண்டில் குண்டாக வருவது அந்தத் தூக்கத்தின் புண்ணியம்.

இவ்வளவும் சரி. ஆனால் 2014-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து ஒரு பட்டாணிச் சோதனை வந்தது. அது என்னை அப்பாருவிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்க வைத்தது. ஆக்சின் தண்டில் இறங்குகிற வேகம் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் சுமார். நுனியை வெட்டியதும் தொலைவில், அடியில் இருக்கிற பரு சில மணி நேரத்திலேயே அசையத் தொடங்கிவிடுகிறது. அந்தத் தண்டுப் பகுதியில் ஆக்சின் இன்னும் வற்றியிருக்கவே இல்லை. அப்படியானால் முதலில் வந்து எழுப்பியது எது? சர்க்கரை. நுனி இருந்தவரை இலைகள் சமைத்த சர்க்கரையை அது இழுத்துக்கொண்டிருந்தது. நுனி போனதும் சர்க்கரை பக்கப் பருக்களுக்குப் பாய்ந்தது. அதன் ஓட்டம் ஆக்சினைவிடப் பல மடங்கு வேகம். நுனியை வெட்டாமலே சர்க்கரையைக் கூட்டிக் கொடுத்தாலும் பரு எழுந்தது. எழுந்த பரு தொடர்ந்து வளர ஆக்சினும் மற்ற இரண்டு தரகர்களும் வேண்டும்தான். ஆனால் முதலில் தட்டி எழுப்பியது சோறுதான்.

அப்பாரு சொன்னது பாதி உண்மை. நான் திருத்தியதும் பாதி உண்மை. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது.

தென்னைக்கு இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தென்னையின் கக்கப் பரு கிளையாவதில்லை, பாளையாகிறது. குருத்து ஒன்றே ஒன்று. காண்டாமிருக வண்டு குருத்தை ஓரமாகக் கடித்தால் விரிகிற மட்டையில் கத்தரி வெட்டு விழும், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற மேட்டையே கடித்துவிட்டால் மரம் போச்சு. எழுப்ப வேறு பரு இல்லை.

உயரம் வேறு கணக்கு

இலையின் இடம் குருத்தில் முடிவாகிவிடுகிறது. ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவில் தண்டு எவ்வளவு நீள வேண்டும் என்பது அப்புறம் நடக்கிற வேலை. அதில் பெரிய கை ஜிப்ரலினுடையது. தாளவாடி மலையில் விளைகிற முட்டைக்கோஸ், கணுவிடை நீளாமல் இலைக்கு மேல் இலையாக அடங்கிப்போன செடி. ஜிப்ரலின் கொடுத்தால் அதே கோஸ் தண்டு விட்டு ஆளுயரம் நிற்கும். இந்த ஊக்கி மனிதர் கண்ணில் பட்டதே ஒரு நெல் நோயால். நாற்று வெளுத்து, ஒல்லியாக, கூட்டத்தில் தனியாகத் தலை நீட்டும். ஜப்பானியர்கள் அதை முட்டாள் நாற்று என்றார்கள். குரோசாவா 1926-இல் அது ஒரு பூஞ்சை சுரக்கிற பொருளின் வேலை என்று காட்டினார். நாற்பது வருஷம் கழித்து அதே பொருளின் குறைச்சல் உலகத்துக்குச் சோறு போட்டது: 1966-இல் வெளியான ஐ.ஆர். 8 நெல் குட்டையாக நின்றதற்குக் காரணம், ஜிப்ரலின் தயாரிக்கிற ஒரு நொதியின் மரபணு பழுதாக இருந்தது. கொடிவேரி பாசனத்தில் பழைய நெட்டை ரகம் போட்டவர்களுக்குத் தெரியும், யூரியா கூடினால் கதிரோடு சாய்ந்துவிடும். குட்டை நெல் உரத்தைத் தாங்கி நின்றது.

ஒரே அலமாரியில் மூன்று

கடைக்கு வருவோம். எந்த ஊர் மருந்துக் கடையிலும் ஒரே அலமாரியில் மூன்று ஆக்சின் இருக்கும், விற்கிறவருக்கே அவை உறவு என்று தோன்றாது. பதியன் குச்சியில் தொட்டு வைக்கிற வேர்ப்பொடி ஒன்று. பருத்தியில் சப்பை (பூமொட்டு) கொட்டாமல் இருக்க 40 பிபிஎம் அளவில், அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 மில்லிகிராம் கணக்கில் தெளிக்கிற என்.ஏ.ஏ. ஒன்று, பிளானோபிக்ஸ் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். மூன்றாவது களைக்கொல்லி, 2,4-டி. இதுவும் ஆக்சினின் போலிதான். அகல இலைச் செடிக்குள் போனால் இயற்கை ஆக்சின் மாதிரி சிதைந்து அடங்காமல், ஓட்டம் வற்ற வேண்டிய இடத்திலெல்லாம் நிரம்பி நிற்கும். செடி முறுக்கிக்கொண்டு சாகும். புல் குடும்பம் தாங்கிக்கொள்ளும். அதனால் சோளத்திலும் கரும்பிலும் அடிக்கலாம். பருத்தி மட்டும் இதற்குப் பரம வைரி. காற்றில் வந்த வாடையே போதும்.

அன்னூர்ப் பக்கம் மாமன் தோட்டத்தில் நான் செய்த காரியம் இது. சோளத்துக்கு 2,4-டி அடித்த டேங்கை ஒரே ஒரு தடவை அலசிவிட்டு, அதே டேங்கில் மறுநாள் பருத்திக்குப் பூச்சி மருந்து கலந்து அடித்தேன். அஞ்சாறு நாளில் புது இலைகள் கைவிரல் மாதிரி நீளமாகப் பிளந்து, நரம்பெல்லாம் ஒன்றோடொன்று நெருங்கி, சுருங்கி வந்தன. நான் முதலில் வைரஸ் என்றேன். மாமன் வரப்பில் உட்கார்ந்து ஒரு செடியைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்ன மாப்பிள்ளை, பருத்தி விதைன்னு வெண்டை விதையைப் போட்டுட்டீங்களா?” என்றார்.

முப்பத்தைந்து செடியில் எண்ணிப் பார்த்தேன். கெட்டுப்போன இலைகள் ஒரு செடிக்கு ஐந்து முதல் ஏழு. மருந்து பட்டபோது குருத்துக்குள் மடிந்திருந்தவை அவை. முந்தியே விரிந்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த விரல் இலைகளும் தண்டில் தங்கள் இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை. அதே சுற்றில், அதே கோணத்தில்தான் நின்றன. டேங்க் வருவதற்கு முன்பே அவற்றின் இடம் முடிவாகியிருந்தது. மூன்று வாரம் கழித்து மேலே வந்த இலை மறுபடி பருத்தி இலையாக வந்தது. முதல் பறிப்பு மட்டும் அந்த வருஷம் பின்னால் போனது. மாமன் களைக்கொல்லிக்கு என்று தனியாக ஒரு டேங்க் வாங்கி, அதன் மூடியில் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்தார். அதை என் கையில் தருவதில்லை.